சைக்கிள் பார் நுழைவுத் தேர்வு

பிள்ளையை ஃபுட்பால் மேட்ச்சுக்குக் கூட்டிப்போகலாமா என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு தேர்வுதான் இருந்தது. சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி அப்பா என்னை உட்காரவைப்பார். திருவொற்றியூர் தேரடியில் ஏறினால் டோல்கேட் வரைக்கும் ஒரு மிதி. தூக்கத்தில் சாயாமல், சக்கரத்துக்குள் காலை விடாமல், பாதியில் ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லாமல் வந்து சேர்ந்தால் பாஸ். வயசு, உயரம், காது, மனப்பக்குவம் எதுவும் பாடத்திட்டத்திலேயே இல்லை. அம்மாவின் கருத்தும்தான்.

நான் பாஸ் ஆனது 1991-ல், ஐந்து வயதில். பரிசாக, பக்கத்துக் கம்பெனி மைதானத்தில் ஒரு மேட்ச். சுற்றுச்சுவர்மேல் என்னை உட்காரவைத்துவிட்டு, அப்பாவும் அவரோடு ஷிஃப்ட் பார்க்கும் நாலு பேரும் கீழே நின்று இரண்டு டீமுக்கும் யோசனை சொன்னார்கள். இரண்டு டீமும் கேட்கவில்லை. கோலே விழவில்லை. ரெஃப்ரி நீளமாக விசில் ஊதினார், ஆட்டக்காரர்கள் கைகுலுக்கினார்கள், கூட்டம் கலைந்தது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்: “எப்போப்பா ஆரம்பிப்பாங்க?”

அந்தக் கேள்வி ஒரு வருஷம் ஷிஃப்ட் முழுக்கச் சுற்றியது. பார்க்கிற இடத்திலெல்லாம் “இன்னா நைனா, ஆரம்பிச்சிட்டாங்களா?” என்றார்கள். அவர்களுக்கு ஃபுட்பால் விளையாட்டு மட்டும் இல்லை. வடசென்னையில் நன்றாக ஆடுகிற பையனுக்கு அது ஒரு வேலை விண்ணப்பம். துறைமுகம், கஸ்டம்ஸ், ரயில்வே, ஐசிஎஃப், வங்கி என்று எல்லாவற்றுக்கும் டீம் இருந்தது. காலில் பந்து நின்றால் கையில் சம்பளம் நிற்கும். வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் அப்படிக் காலை நம்பிக் கரையேறிய குடும்பங்கள் உண்டு. பிள்ளையை மேட்ச்சுக்குக் கூட்டிப்போவது எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுக்குக் கூட்டிப்போவது மாதிரி. கொஞ்சம் சீக்கிரமாகவே பெயரைப் பதிந்து வைப்பது நல்லதுதானே?

1993 ஜனவரியில் பெரிய தேர்வு வந்தது. பெரியமேட்டில் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் நேரு ஸ்டேடியம் புதுக்கருக்கோடு நின்றது. நேரு கோப்பை சர்வதேசப் போட்டி மெட்ராஸில். வட கொரியா, ருமேனியா, கேமரூன் என்று சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டமாதிரி நாடுகள் வந்து இறங்கின. கடைசியில் கோப்பையைக் கொண்டுபோனது வட கொரியா. நான் பார்த்த மேட்ச்சில் யார் யார் ஆடினார்கள் என்று கேட்காதீர்கள். பத்து கிலோமீட்டர் பாரில் உட்கார்ந்து வந்ததில் இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தது மட்டும்தான் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம், விளக்கு. நாலு கம்பத்திலிருந்து அத்தனை வெளிச்சம் கொட்டியும் ஒரு ஆட்டக்காரருக்கு நாலு நிழல் இருந்தது. மேட்ச் முழுக்க நான் நிழல்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிந்து வெளியே வந்தபோது ஐந்து பேரும் ஒரு ஆஃப் சைடைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். அப்பா என்னை ஒருத்தர் கையில் கொடுத்தார், அவர் இன்னொருத்தர் கையில் கொடுத்தார். ஐந்து பேர் கையிலும் நான் இருந்தேன், அதனால் ஒருத்தர் கையிலும் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும்போதுதான் கணக்கு இடித்திருக்கிறது.

நான் கடலை விற்கிற ஒரு ஆயாவின் கூடைக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட டின்னின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஆயா என் கையில் ஒரு பொட்டலம் திணித்திருந்தார். “துட்டு குடுக்காம ஓடிட்டான் பாரு உங்கப்பன். வருவான், துன்னு.” அப்பா வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். என்னை அடிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. ஆயாவிடம் மிச்சம் இருந்த ஐந்து பொட்டலத்தையும் வாங்கினார். திரும்பி வரும்போது தங்கசாலை தாண்டுகிறவரை பேச்சே இல்லை. அப்புறம் என் தலைக்குமேல் குனிந்து சொன்னார்: “அம்மாகிட்ட சொல்லாத.”

சொல்லவில்லை. அம்மா கடலையை வாங்கித் தட்டில் கொட்டினார், எல்லோருக்கும் பங்கு வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஜெயித்துவிட்டோம்.

*

இந்தக் கதையை நான் பல வருஷம் வீரக்கதையாகச் சொல்லிவந்தேன். ‘அந்தக் காலத்துல எங்கள யாரு பொத்திப்பொத்தி வளர்த்தா?’ என்ற வகையில். எனக்கு ஒரு மகள் பிறந்ததும் கதையை நிறுத்திவிட்டேன்.

அவள் பிறந்தது 2018 மார்ச்சில். சென்னையின் எஃப்சி பெங்களூரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டம் ஆடிய அதே வாரம். கார்னரிலிருந்து மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு கோல் போட்டதை ஆஸ்பத்திரி வராந்தாவில், சத்தத்தை அணைத்த போனில் பார்த்தேன். 3-2, இரண்டாவது பட்டம். அந்த டீமில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் இருந்தார், வியாசர்பாடி தனபால் கணேஷ். தொட்டிலைப் பார்த்து, ‘உன்னை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போறேன்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எப்போது என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு கமிட்டி தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

அவளுக்கு ஆறரை வயதானபோது, அதாவது நான் நேரு கோப்பை பார்த்த வயதில், கமிட்டி கூடியது. பயணம் இப்போது ஒரு பிரச்சினையே இல்லை. விம்கோ நகரில் ஏசி மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கிப் பொடிநடை. 2021 பிப்ரவரியிலிருந்து இந்த வசதி. தொடை மரக்காது. ஆனால் ஆட்டம் ஏழரை மணிக்கு, இவள் தூங்குவது எட்டரைக்கு. மறுநாள் ஸ்கூல். கழிவறை எந்தப் பக்கம்? பையில் பிஸ்கட்டை விடுவார்களா? யாராவது கெட்ட வார்த்தை பேசினால்? (இதற்கு மட்டும் அம்மா குறுக்கிட்டார்: “அவ நம்ம தெருவுலதாண்டா வளர்றா.”) மணிக்கட்டில் போன் நம்பர் எழுதவேண்டும். தொண்ணூறு நிமிஷம் உட்காருவாளா? ஃபுட்பால் என்றால் அவளுக்கு நாலு நிமிஷ ஹைலைட்ஸ். அவள் ஆறு வயதுக்குள் போனில் பார்த்த கோல்களை என் அப்பா அறுபது வருஷத்தில் நேரில் பார்த்திருக்கமாட்டார்.

முக்கியமான தீர்மானம், காது. 2010-ல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் முடிந்ததும் ட்ரூ பிரீஸ் என்ற ஆட்டக்காரர் தன் ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு நின்ற படத்தை என் மனைவி காட்டினாள். பிள்ளையின் தலையில் பெரிய ஹெட்போன். பாட்டுக் கேட்பதற்கு இல்லை, சத்தம் கேட்காமல் இருப்பதற்கு. “அது கையால புடிச்சுனு ஓடுற ஃபுட்பால்” என்று சொல்லிப்பார்த்தேன். “காது ஒண்ணுதாங்க” என்றாள். கணக்கும் வைத்திருந்தாள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். நூறு டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஹெட்போன் ஆர்டர் ஆனது. நீல நிறம், டீமின் நிறம்.

அப்பா இதையெல்லாம் சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு. காதில் அவர் வைத்துக்கொண்ட பாதுகாப்பு, வேஸ்ட் பஞ்சு. அதுவும் மேஸ்திரி பார்க்காதபோது. இப்போது அவரிடம் “சாப்டியாப்பா?” என்று கேட்டால், “வியாழக்கிழமை” என்பார்.

மனைவி கணக்குச் சொன்ன அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் எங்களைத் தைரியமாக வளர்த்தார்கள் என்றில்லை. பிள்ளை தயாரா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அப்பனையே யாரும் கேட்கவில்லை. 1980 ஆகஸ்ட் 16-ல் கல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்துக்குப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை என்பது அந்த ஐந்து பேருக்கும் தெரியும். தெரிந்துதான் என்னைக் கைமாற்றிக்கொண்டு நடந்தார்கள். கவலைப்படுவதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும்.

அந்த வசதி எங்களுக்கு முழுசாக வந்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. 2023 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் லீவுக்கு எண்ணூரில் மாமியார் வீட்டில் இருந்தோம். நடுராத்திரி ஒரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சின்னக்குப்பம், பெரியக்குப்பம் ஜனங்கள் கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஈரத்துண்டை மகளின் மூக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐந்தே முக்கால் வயது. இவள் இதற்குத் தயாரா என்று எந்தக் கமிட்டியும் கூடவில்லை. வீட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரி அடிக்கிற ஹாரனுக்கு யாரும் ஹெட்போன் ஆர்டர் செய்ததில்லை. ஃபுட்பாலுக்குத்தான் இத்தனை விசாரணை. நாம் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆபத்து அது ஒன்றுதான் போலிருக்கிறது.

கமிட்டி ‘அடுத்த சீசன்’ என்று தீர்ப்புச் சொன்னது. மகள் வளர்ந்தாள். ஆஃப் சைடு என்றால் என்ன என்று எனக்கே விளக்கினாள். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே கிரிக்கெட் வெற்றி விழா நெரிசலில் 11 பேர் இறந்தபோது தீர்ப்பு மறுபரிசீலனைக்குப் போய், பல நிபந்தனைகளோடு திரும்பி வந்தது. ஜூலையில் எல்லாம் தயார். ஹெட்போன் தயார், பிள்ளை தயார், மனைவி தயார். அந்த மாதம் ஐஎஸ்எல்லையே நிறுத்திவைத்துவிட்டார்கள். லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010-ல் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்காமல் ஆடமுடியாது என்றார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சியும் கடையைப் பாதி சாத்தியது. ஏழு வருஷம் பிள்ளை தயாரா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேட்ச் தயாராக இல்லை.

*

கடைசியில் அவள் பார்த்த முதல் மேட்ச், வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், மெட்ரோத் தூண்களுக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செவன்ஸ் டோர்னமெண்ட். தானும் வருவேன் என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

மனைவி லிஸ்ட்டை எடுத்தாள். முதுகு சாய நாற்காலி உண்டா? கழிவறை பக்கத்தில் இருக்கிறதா? எட்டு மணிக்குள் திரும்பமுடியுமா? நடுவில் சாப்பிட ஏதாவது? கூட்டத்தில் கையை விடாமல் பிடித்துக்கொள்ள ஆள்? படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். லிஸ்ட்டில் இருந்த ஒவ்வொன்றும் அவருக்குத்தான் பொருந்தியது. சுகர் மாத்திரையை மட்டும் புதிதாகச் சேர்த்தாள்.

மைதானத்தில் முதல் ஐந்து நிமிஷம் மகள் நெளிந்தாள். கோல் கிக்குக்குப் பந்தை வைத்தபோது, “ஸ்கிப் பண்ணுப்பா” என்றாள். யாரோ உதைத்த பந்து பக்கத்துக் கம்பெனி காம்பவுண்டுக்குள் போய் விழுந்தது. ஒரு பையன் மதில் ஏறினான். வாட்ச்மேன் ஏதோ கத்தினார். பதினாலு ஆட்டக்காரர்களும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். ஹைலைட்ஸில் ஒருநாளும் வராத பத்து நிமிஷம். அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பந்து திரும்பிப் பறந்துவந்தபோது கைதட்டினாள். அவளுக்கு அதுதான் கோல். நீல ஹெட்போனோடு அவளும், ஹெட்போன் தேவைப்படாத அப்பாவும் பக்கத்துப் பக்கத்தில். டிரம் அடி காதைப் பிளந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நிம்மதியாக இருந்தார்கள்.

மனைவியிடமிருந்து மெசேஜ் வந்தது: ‘பாப்பா பத்திரமா?’ குனிந்து, ‘பத்திரம்’ என்று டைப் பண்ணி அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். இரண்டு நாற்காலியும் காலி.

“அப்பா!” என்று கத்தினேன். அவருக்குக் கேட்காது. “பாப்பா!” என்று கத்தினேன். அவளுக்கும் கேட்காது, அதற்குத்தானே ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கியது. மணிக்கட்டில் என் நம்பர் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்து யாராவது போன் பண்ணவேண்டுமே. அன்றைக்கு அப்பா எப்படி ஓடினாரோ அப்படித்தான் நானும் ஓடியிருப்பேன். பார்க்க யாருக்கும் நேரமில்லை, அப்போதுதான் கோல் விழுந்தது.

கேட்டுக்கு வெளியே, தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அப்பா சட்டைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பொறுப்பாக என்னைப் பார்த்துச் சொன்னாள்: “தாத்தாவைத் தனியா அனுப்பக்கூடாதுல்ல?”

நான் திட்டவில்லை. கை தானாகப் பொட்டலங்களை எடுத்தது, பணம் கொடுத்தேன். திரும்பி வரும்போது, தெருமுனையில், அவளுடைய ஹெட்போனைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னேன்: “வீட்ல யார்கிட்டயும் சொல்லாத.” அவள் கண்ணடித்தாள். ஜெயித்துவிட்டோம்.

அம்மா கதவைத் திறந்தார். என் கையில் இருந்த பொட்டலங்களைப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். ஐந்து.

“யாருடா தொலைஞ்சது?” என்றார்.