தள்ளிப் பார்த்து வாங்குங்கள்

நாற்பதைத் தாண்டினால் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்கு லடாக் வருகிறது. எனக்கு இரண்டும் வந்தன. சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது. லடாக்குக்குப் பைக் ஷோரூம்தான்.

அதுவரை நான் ஓட்டியது ஸ்கூட்டி, அதுவும் மகளுடையது. மச்சானின் ஸ்பிளெண்டரைக் கடன் வாங்கி, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுத்தேன். அந்த அட்டையின் மகிமை அப்புறம்தான் தெரிந்தது. ஐரோப்பாவில் 125 சிசி வரை ஒரு லைசென்ஸ், 35 கிலோவாட் வரை இன்னொன்று, அதற்கு மேல் வேறொன்று என்று படிப்படியாகத்தான் ஏற விடுவார்கள். நம் சர்க்கார் தாராளப் பிரபு. 112 கிலோ ஸ்பிளெண்டரில் எட்டுப் போட்டவன், அதே அட்டையோடு கிட்டத்தட்ட 390 கிலோ எடையுள்ள ஹோண்டா கோல்டு விங்கில் ஏறி உட்காரலாம். தடுக்க ஆளில்லை, அதன் விலையைத் தவிர.

ஆலோசனைக்கும் பஞ்சமில்லை. "650க்குக் கீழே வாங்கினா ஒரே வருஷத்துல சலிச்சுடும் சார்" என்றார் அலுவலக நண்பர். அவரிடம் இருப்பது சைக்கிள். மச்சானோ டார்க், குதிரைத்திறன் என்று பேசிக்கொண்டே போனார். எல்லாரும் வண்டி ஓடுவதைப் பற்றியே பேசினார்கள். என் மனைவி மட்டும்தான், "ஏங்க, நிக்கும்போது அதை யாரு பிடிச்சுக்குவா?" என்று கேட்டாள்.

இந்த விஷயத்தில் அதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. ஓடுகிற பைக் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். வேகம் பிடித்துவிட்டால் கனம் தெரியாது. கனமெல்லாம் சிக்னலில், யூ-டர்னில், பெட்ரோல் பங்க் வரிசையில், சரளைக் கல்லில் சைடு ஸ்டாண்டைத் தேடும் அந்த ஒரு நொடியில் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் காலை ஊன்றிப் பிடிக்கலாம். அதற்கு மேல் சாய்ந்தால் பைக்கை அதன் விதிக்கு விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். கிராஷ் கார்டு கடையில் கிடைக்கும், முழங்கால் கிடைக்காது.

ஷோரூமில் விற்பனைத் தம்பி சாவியை நீட்டினார். "டெஸ்ட் ரைடு போய்ட்டு வாங்க சார், வெயிட்டே தெரியாது."

"ஓட்ட வேணாம் தம்பி, தள்ளிப் பாக்கணும்" என்றேன்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையைத் தூக்கிப் பார்க்கக் கேட்டது போல விழித்தார். ஆனாலும் விட்டார், நல்ல பிள்ளை. ஹிமாலயன் 450-இல் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். ஐந்தடி நாலங்குலக்காரனான எனக்கு இரண்டு பக்கமும் கால் நுனி மட்டும் எட்டியது. மீதி என் குலதெய்வத்தின் பொறுப்பு. சூப்பர் மீட்டியர் 650-இல் சீட் 740தான், பாதம் முழுக்கப் பதிந்தது. ஆனால் எடை 241 கிலோ. உட்கார்ந்தால் ராஜா, இறங்கித் தள்ளினால் கூலி. வாசல் சரிவில் பின்னோக்கி ஏற்றிப் பார்த்தேன். தம்பியும் வாட்ச்மேனும் கைகொடுத்ததில் ஏறியது. தினமும் காலையில் அவர்களை வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா? ஹோண்டாக்காரர்கள் 1988-லேயே கோல்டு விங்குக்கு ரிவர்ஸ் வைத்தது ஆடம்பரத்துக்காக இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

விழுந்த பைக்கைத் தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சீட்டில் பின்பக்கத்தைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் உந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். இதைப் பழகிக்கொள்ளாமல் லடாக் கிளம்புவது, என் கணக்கில், வீரம் அல்ல.

கடைசியில் நான் எடுத்தது மீட்டியர் 350. எடை 191 கிலோ, சீட் 765. நண்பர் உச்சுக்கொட்டினார். 1950-களில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு வாங்கியதே 350 சிசி புல்லட்தான் என்று சொல்லி அவரைச் சைக்கிளில் அனுப்பிவைத்தேன்.

நீங்களும் பெரிய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால், டெஸ்ட் ரைடு அப்புறம் இருக்கட்டும். முதலில் நிறுத்துமிடத்தில் தள்ளிப் பாருங்கள். ஏற்றத்தில், பின்னோக்கி, செருப்புக் காலோடு, துணைக்கு ஆளில்லாமல்.