பவரா, சாதாவா?

சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்கப் போனால், பில்லில் எஞ்சின் ஆயில், வாஷர், பாலிஷ் எல்லாம் தாண்டிக் கடைசி வரியில் 'ஃபியூயல் சிஸ்டம் கிளீனர்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. "இது என்னது தம்பி?" என்றேன். கவுண்டர் பையன் தலையைத் தூக்காமலே, "எல்லா வண்டிக்கும் ஊத்துறதுதான் சார். ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்" என்றான்.

ஓட்டிப் பார்த்தேன். தூத்துக்குடி இரண்டாம் கேட் அடைத்திருந்தது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் போய் முடிகிற வரைக்கும், கழுவித் துடைத்த ஃபியூயல் சிஸ்டத்தோடு ஒரு மீன்கூடை சைக்கிளுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் நின்றேன். வித்தியாசம் தெரியவில்லை. எரிச்சல் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

பங்கில் இதற்கு முன்னோட்டம் உண்டு. "அண்ணாச்சி, பவரா சாதாவா?" பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்க, அடுத்த வரிசையில் எதிர்வீட்டுக்காரர் நிற்க, "சாதா" என்று உரக்கச் சொல்வதற்கு ஒரு நெஞ்சுறுதி வேண்டும். நான் சொல்லிவிடுவேன். சொன்ன கையோடு, மீட்டரில் சைபர் பார்க்கிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

என் மச்சினனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. துறைமுகத்தில் வேலை. என்னிடம் இருக்கிற அதே நூறு சிசி, அதே எட்டுக் குதிரைச் சக்தி. பவர் தவிர வேறொன்றும் அவன் டேங்கில் இறங்காது; மாதம் ஒரு பாட்டில் அடிட்டிவ் வேறு. "இழுவையே தனி அத்தான்" என்பான். அவன் போகிற பாதை எனக்குத் தெரியாதா? முத்தையாபுரத்திலிருந்து ஹார்பர் ரோடு. முன்னால் நாற்பதடி கண்டெய்னர், பின்னால் நிலக்கரி லாரி, பக்கவாட்டில் உப்பு மூட்டை. நடுவில் இவன் முப்பத்தைந்தில் ஊர்கிறான். அந்த இழுவையை எங்கே கொண்டுபோய் இழுக்கிறாய் என்று கேட்டேன். "இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் அத்தான்" என்றான்.

இதற்கு மேல் என்ன பேசுவது? ஆனாலும் பேசினேன். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலமல்ல. பொறி பற்றவைத்த சுடர் வந்து சேர்வதற்கு முன்பே அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் குணம். அந்தப் பொறுமை போதாவிட்டால் எஞ்சின் தட்டும். கேடிஎம் 390 மாதிரி அழுத்த விகிதம் 12-ஐத் தாண்டுகிற எஞ்சினுக்கு அந்தப் பொறுமை வேண்டும். 91 ஆக்டேனுக்கென்று அமைத்த வண்டியில் 100-ஐ ஊற்றினால், தட்டாத எஞ்சின் இன்னும் அதிகமாகத் தட்டாமல் இருக்கும். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டின் அழுத்த விகிதம் ஆறரைக்குப் பக்கம். மட்டமான பெட்ரோலையும் சகித்துக்கொள்ளும் பரந்த மனசு. அதற்கும் பீச் ரோட்டில் பவர் ஊற்றிக்கொண்டு கம்பீரமாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கோளாறு அந்த எண்ணில் இருக்கிறது. நமக்கு எண் என்றால் மார்க். பிள்ளை 91 வாங்கி வந்தால் "மிச்சம் ஒன்பது எங்கே?" என்று கேட்கிற வீடுகள் நம்முடையவை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 என்று ஒன்றை இறக்கியபோது லிட்டர் 160 ரூபாய். படிக்கிற காலத்தில் கிடைக்காத சென்டம், பங்கில் கிடைக்கிறது.

இதில் இன்னொரு கூத்து. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்தபின் சாதாவின் ஆக்டேனே 95 ஆகிவிட்டது என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லிவிட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் 108-க்கு மேல். ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதன் வெப்பம் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மார்க் ஏறியது, மைலேஜ் இறங்கியது. பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் இறங்கும் என்று நிதி ஆயோக் 2021-லேயே எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவையும் மூச்சுப் பிடித்து மச்சினனிடம் சொல்லி, "இனி ஏம்ல கூடக் காசு குடுக்க?" என்றேன். "சாதாவே 95-ன்னா, பவரு அதுக்கும் மேல இருக்கும்லா?" என்றான்.

எந்த வண்டிக்கு எதை ஊற்றலாம் என்பதைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் கடல்கட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நம் ஊர் முத்துச்சலாபத்தில் கடல்கட்டி இல்லாமல் யாரும் கல்லைக் காலில் கட்டி இறங்கமாட்டார்கள். அவருக்கு வேலை, சுறாவின் வாயைக் கட்டுவது. குளிப்பவர்கள் கடலுக்கு அடியில் மூச்சடக்கிக் கிடக்கும்போது இவர் மேலே உட்கார்ந்து மந்திரம் சொல்வார். சுறா கடிக்கவில்லையா? மந்திரம் பலித்தது. எப்படித் தெரியும்? கடிக்கவில்லையே! மன்னார் வளைகுடாவில் பெரும்பாலும் சுறா கடிக்காது. ஆகவே மந்திரமும் பெரும்பாலும் பலித்தது. என் வண்டியின் எஞ்சினும் பெரும்பாலும் தட்டாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கணக்கையே எழுதி வைத்திருக்கிறார். கிடைப்பதில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று. அதாவது ஐந்து சதவீதம். இன்று நூறு ரூபாய்ச் சாதாவுக்கு மேல் பவருக்கு ஏழெட்டு ரூபாய். எழுநூறு வருஷத்தில் கட்டணம் ஏறித்தான் இருக்கிறது. அரசனின் பங்கைப் பற்றி நான் பேசவில்லை. அது பெட்ரோல் விலையிலேயே அடக்கம்.

மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். அந்த மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்களாம். சுறா மறுபடி இஷ்டப்படி கடிக்கலாம். இராத்திரியில் திருட்டுத்தனமாக யாரும் முத்துக்குளிக்கக் கூடாது பாருங்கள். மறுநாள் காலையில் மறுபடி மந்திரம், மறுபடி கூலி. அடிட்டிவ் பாட்டில்களின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ஃபுல் டேங்குக்கும் ஒரு பாட்டில். டேங்க் தீர்ந்தால் மந்திரம் அவிழ்ந்துவிடும்.

சரி, சுறா கடித்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 1797-ல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை நேரில் பார்த்து எழுதிய லெ பெக் என்பவர் சொல்லும் கதை இது. ஒருவருக்குச் சுறாவால் கால் போய்விட்டது. மந்திரக்காரரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. கரையிலிருந்து ஒரு சூனியக்காரக் கிழவி பொறாமை பிடித்து வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாளாம். தகவல் தனக்குத் தாமதமாகத்தான் வந்ததாம். அதன்பிறகு அவர் சுறாக்களை எப்படிக் கட்டினார் என்றால், அவை குளிப்பவர்கள் பக்கத்தில் வந்தும் வாயைத் திறக்க முடியாமல் தவித்தனவாம்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு மெக்கானிக் ஞாபகம் வந்தார். சபலத்தில் ஒரே ஒரு தடவை பவரும் அடிட்டிவும் ஊற்றிய பிறகும் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிக்கிறது என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க போன தடவ எந்தப் பங்க்ல அடிச்சிய?" என்றார். சொன்னேன். "அதான்!" என்றார். கிழவி வந்துவிட்டாள். இப்போதெல்லாம் கிழவிக்கு எத்தனால் என்று பெயர். பிளக் போனாலும் எத்தனால், பேட்டரி இறங்கினாலும் எத்தனால், நான் சாவியைத் திருப்பாமல் கிக்கரை உதைத்தாலும் எத்தனால்.

1859-ல் எமர்சன் டென்னன்ட் இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகத்திலும் கடல்கட்டி வருகிறார். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரோமன் கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் வலு ஒன்றும் குறையவில்லை என்பது டென்னன்ட்டின் குறும்பு. இங்கிலீஷ்காரர்கள் வந்து அதுவரைக்குமான காலத்தில் உறுதியாகத் தெரிந்த சுறாக்கடி ஒன்றே ஒன்றுதான் என்றும் அவரே எழுதுகிறார். இதைவிட நல்ல விளம்பரம் எந்த அடிட்டிவ் கம்பெனிக்குக் கிடைக்கும்? நம் கரையில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. கடல்கட்டிக்கு வேலை போயிற்று. வித்தை மட்டும் கரையேறி, இருநூறு மில்லி பாட்டிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கடல்கட்டியை இத்துடன் விடுகிறேன். விட மனமில்லை.

எங்கள் வயசுக்காரர்கள் மந்திரத்தைக் கையாலேயே போட்டவர்கள். ஆர்எக்ஸ்100 காலத்தில் டேங்கில் பாச்சை உருண்டை போட்டால் வண்டி பறக்கும் என்று கல்லூரி முழுக்க ஒரு ஞானம் உலவியது. பெட்டியில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு வைத்த உருண்டை, கார்புரேட்டர் ஜெட்டில் போய் உறைந்து அடைக்கும். வண்டியை உருட்டிக்கொண்டு கிரேட் காட்டன் ரோட்டில் நடப்பார்கள். நடக்கும்போதும், "நேத்து என்னா வேகம்ல" என்பார்கள். பெட்ரோல் பைப்பில் காந்தம் கட்டியவர்களும் உண்டு. 1996-ல் மூலிகைப் பெட்ரோல் என்று ராமர் பிள்ளை வந்தபோது தமிழ்நாடே அடுப்பங்கரையில் நின்று தழை தேடியது. அந்த விவகாரம் வழக்காகி, 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கும் வரை போயிற்று. உலகத்திலேயே பெரிய அடிட்டிவ் எது என்றால் ஈயம். 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். எஞ்சின் தட்டுவது உண்மையிலேயே நின்றது. மனிதர்களின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. இந்தியாவில் அதை முழுக்க நிறுத்த 2000 ஆயிற்று. வேலை செய்த ஒரே மந்திரம் விஷம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020-ல் பிஎஸ்6 வந்தபிறகு வண்டிகளில் இன்ஜெக்டர் இருக்கிறது. அதில் படியும் கசடைக் கரைக்கிற நல்ல சோப்பு மருந்துகளும் இருக்கின்றன. என் வண்டியோ பழைய கார்புரேட்டர். அதற்கு எந்த சிஸ்டத்தை யார் கழுவினார்கள் என்பதை அந்தப் பையன்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கரையில் வண்டிக்கு உண்மையான சுறா உப்பும் தண்ணீரும்தான். சைலன்சர் அரிக்கும், டேங்க் மூடியின் ரப்பர் வெடிக்கும், உள்ளே ஈரம் இறங்கும். எத்தனால் அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து ஒரு கட்டத்தில் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் போய்த் தங்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவில் ஹேண்டில்பார் மட்டும் தெரிய வண்டிகள் நின்றன. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டிய நேரத்தில், தண்ணீர் எடுக்கிற பாட்டில் ஒன்றை வாங்கி ஊற்றிவிட்டு உதைத்துக்கொண்டிருந்தவர் யார் என்று நான் சொல்லமாட்டேன். என்னை அத்தான் என்று கூப்பிடுகிறவர்.

திரேஸ்புரத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. வள்ளம் வைத்திருக்கிறார். அவரிடம் இந்த ஆக்டேன் கதையை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "என் மோட்டாரு பெட்ரோல்ல கிளம்பி, மண்ணெண்ணெயில கடலுக்குப் போயி மீனோட திரும்பி வருது. நீரு ரெண்டாம் கேட்டத் தாண்டுததுக்கு நூறு ஆக்டேன் கேக்கீரு வே" என்றார். நான் கேட்கவில்லை, மச்சினன்தான் கேட்கிறான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

எந்த வண்டிக்கு எது என்று சொல்வதாகச் சொல்லியிருந்தேன். கடல்கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டார். வண்டியோடு கொடுத்த கையேட்டில் போட்டிருக்கும், தேடிப் பாருங்கள். அது கிடைக்கிற வரைக்கும் வாரம் ஒரு தரம் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் தின்கிற பெட்ரோலை எந்தப் பாட்டிலும் திருப்பித் தராது. பங்கில் காற்றுக்குக் காசு கிடையாது. காற்றடிக்கிற பையன் டீ குடிக்கப் போயிருந்தால் நின்று அடித்துவிட்டே போங்கள்.