வராமல் வாழவைத்த இந்தியன் ஓப்பன்

வட சென்னைக்கு நல்லது செய்தவர்கள் நிறையப் பேர். அனல்மின் நிலையம் கொடுத்தார்கள், உர ஆலை கொடுத்தார்கள், துறைமுகம் போதாதென்று இன்னொரு துறைமுகமும் கொடுத்தார்கள். ஊர்க் குப்பையையெல்லாம் கொடுங்கையூருக்கு அனுப்பி வைத்தார்கள். இவர்களெல்லாம் வந்து உபகாரம் செய்தவர்கள். வராமலேயே உபகாரம் செய்த பெருந்தகை ஒன்று உண்டென்றால் அது இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டிதான். 1964-ல் தொடங்கி டெல்லி, கல்கத்தா, பெங்களூரு, குருகிராம் என்று சுற்றிய அந்தச் சர்வதேசப் போட்டி, ராயபுரம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் இன்னும் நான்கு வண்டி சேர்ந்தால் எங்களுக்குச் சிரமம் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கரிசனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

போட்டியின் வரலாறே தியாக வரலாறு. இந்தியாவுக்கென்று ஒரு திறந்த போட்டி வேண்டும் என்று தூண்டியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். பிரிட்டிஷ் ஓப்பனையே ஐந்து முறை வென்ற மனிதர். பந்தி போடச் சொன்னவரே முதல் இலையில் உட்கார்ந்தது போல, 1964-ல் முதல் கோப்பையை அவரே வாங்கிக்கொண்டார். 1966-லும் 1976-லும் மறுபடி வந்து பரிமாறிக்கொண்டார். நடுவில், 1965-ல், பி.ஜி. சேத்தி வென்றார். கோப்பையைத் தொட்ட முதல் இந்தியர். அவர் பணத்துக்கு ஆடாத அமெச்சூர் என்பதால் பரிசுத் தொகை அவருக்குக் கிடையாது.  

அடுத்த இந்தியர் வெல்ல 26 ஆண்டுகள் ஆயின. அவசரமே படாத போட்டி. 1991-ல் அலி ஷேர் வென்றார். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து திரிந்த பையன். 2009-ல் வென்ற சி. முனியப்பாவும் பெங்களூரில் பை சுமந்தவர். 2016, 2017 என்று தொடர்ந்து இரண்டு முறை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். (நடுவில் ஜோதி ரந்தாவா போன்ற வசதியானவர்களும் வாங்கிப்போனார்கள், மறுக்கவில்லை.) கிளப் உறுப்பினர்களின் பெருந்தன்மையைக் கவனியுங்கள். திடல், சீமை மட்டை, பயிற்சியாளர், மாலை நேரத்துப் பானம் எல்லாவற்றையும் தங்களுக்கு வைத்துக்கொண்டு, கோப்பையை மட்டும் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும் அல்லவா? 2017-ல் அதே டெல்லி கிளப்பின் உணவுக்கூடத்தில் மேகாலயத்துப் பெண்மணி ஒருவர் தம் ஊர் உடையான ஜெயின்செம் அணிந்து விருந்தாளியாக வந்து உட்கார்ந்தார். பார்த்தால் பணிப்பெண் மாதிரி இருக்கிறது என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். பை சுமப்பவன் சாம்பியன் ஆகலாம். சாப்பிட மட்டும் உட்காரக் கூடாது. தெளிவான மனிதர்கள்.

இவ்வளவு உயர்ந்த ஆட்டத்துக்கு எங்கள் பகுதி தகுதி இல்லாததா என்றால், இல்லவே இல்லை. கோல்ஃப் திடலுக்கு மணற்குழி வேண்டும், நீர்நிலை வேண்டும், இடைஞ்சல் வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்து அதையெல்லாம் செயற்கையாகத் தோண்டுகிறார்கள். எண்ணூரில் எல்லாம் இலவசம். மணலுக்குப் பதிலாக அனல்மின் நிலையத்துச் சாம்பல், குழாய் உடைந்த இடமெல்லாம் தானே பரவிச் சமமாகப் படிந்திருக்கிறது. நீர்நிலைக்குக் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கடலில் கொட்டிய எண்ணெயை இளைஞர்கள் வாளியால் மொண்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் நின்ற படகுகளுக்கெல்லாம் கறுப்பு பூசிவிட்டுப் போனது. அதே மாதம் ஒரு நள்ளிரவில் அமோனியாவும் கசிந்தது. உலகில் வேறெந்தத் திடலில் இத்தனை வகை இடைஞ்சல் உண்டு?

நீருக்குள் பந்து விழுந்தால் ஆட்டக்காரருக்கு ஓர் அடி தண்டனை என்று கோல்ஃபில் விதி. எங்கள் ஆற்றில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் எடுப்பவர்கள் உண்டு. கைக்கு இப்போது தட்டுப்படுவது பாதி சாம்பல். அதைக் கொட்டியவர்களுக்கு எத்தனை அடி என்று விதிப் புத்தகத்தில் போடவில்லை. நாகரிகமான புத்தகம்.

கோல்ஃபை எங்கள் பிள்ளைகள் கண்ணில் காட்டாததால் இன்னொரு நன்மையும் விளைந்தது. நூறு ஏக்கருக்கு மேல் புல்லும் பதினெட்டுக் குழியும் தேவைப்படாமல், இருபத்தொன்பது அங்குலச் சதுரப் பலகையில் நாலே குழியோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இடம் கொடுத்திருந்தால் கெட்டுப்போயிருப்பார்கள்.

சென்னையில் கோல்ஃப் இல்லாமல் இல்லை. கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயே மெட்ராஸ் ஜிம்கானா கிளப் ஆடிவந்தது. மொத்தம் 160 ஏக்கர்; ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகை; ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். திருவொற்றியூரில் ஒற்றை அறைக்கு ஒரு மாதத்துக்கே இதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறவர்கள், கிளப்காரர்களின் சிக்கனத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தை மீட்டது. 118 ஏக்கரில் அங்கே பூங்கா வரும் என்று அறிவித்தது. பக்கத்திலேயே தேசியப் பூங்கா இருக்கிறதே என்று கேட்பது நன்றிகெட்டதனம். அதே ஆண்டு மார்ச்சில் எங்களையும் மறக்காமல்தான் இருந்தார்கள்: வட சென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் நிலையைத் திறந்துவைத்தார்கள், 800 மெகாவாட்.