பி ஓ.கே., ஆனால் கொஞ்சம் சிவப்படிக்கிறது

பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை, ஹெட்போனின் காதுமெத்தையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்ததுதான். வெலோர். பாலியஸ்டர். 280 ஜி.எஸ்.எம். இருக்கும், பிரஷ்ஷிங் சுமார். திருப்பூரில் பதினெட்டு வருஷம் மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டியவன் கையில் எதைக் கொடுத்தாலும் இதுதான் நடக்கும். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கப் போய், சட்டைக் கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

துணி பாஸ் ஆனதால் பாட்டுக்குப் போனேன். பல போன்களில் இப்போதெல்லாம் ஹெட்போன் சொருகும் ஓட்டையே வைப்பதில்லை. அதற்குத் தனியாக ஒரு வால் வாங்கவேண்டும். டாங்கிள் என்று பெயர். வாலை மாட்டி ‘ப்ரியா’ படப் பாட்டைப் போட்டேன். 1978ல் இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தது. தமிழில் அதுதான் முதல் என்பார்கள். அதே 1978ல்தான் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி திருப்பூருக்கு வந்து வெள்ளை பனியன் வாங்கிப் போய், ஊரை எக்ஸ்போர்ட்டுக்கு இழுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். ஆக, என் வீட்டு அடுப்பு எரிவதும் பாட்டு ஓடுவதும் ஒரே வருஷத்தின் புண்ணியம். அன்றைக்கு அடுப்பு மட்டும்தான் ஒழுங்காக எரிந்தது. சத்தத்தை முழுக்க ஏற்றியும், அவிநாசியில் பாடுவதைப் பல்லடத்தில் நின்று கேட்பதுபோல் இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “என்ற சாமி, தேங்காத்தொட்டியாட்டம் காதுல என்னத்தடா கவுத்தி வெச்சிருக்கற?”

“பாட்டுக் கேக்கறனம்மா.”

“கேக்குதா?”

“செரியாக் கேக்கல.”

“கேக்காததுக்கு எதுக்குடா இத்தன காசு?”

பதில் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 600 ஓம். வாங்கும்போதே பார்த்தேன். நூலில் 20ஐ விட 40 கவுண்ட் உசத்தி, 40ஐ விட 60 உசத்தி. அந்தப் புத்தியில், 32 ஓம் ஹெட்போனை ஒதுக்கிவிட்டு 600 ஓமைத் தூக்கி வந்திருந்தேன். இதில் ஒரு வேடிக்கை, கணக்கு பாதி சரிதான். கவுண்ட் ஏறினால் நூல் மெலியும். ஓம் ஏறினாலும் ஹெட்போனுக்குள் இருக்கும் சுருளின் கம்பி மெலியும், சுற்று கூடும். மீதிப் பாதியில்தான் மாட்டிக்கொண்டேன். மெல்லிய கம்பி, நிறையச் சுற்று என்றால் அதற்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும். என் வால் கொடுத்தது அரை வோல்ட். அதே அரை வோல்ட்டில் 32 ஓம் ஹெட்போனுக்கு எட்டு மில்லிவாட் போகும்; என்னுடையதற்குப் போனது அரை மில்லிவாட்கூட இல்லை. பந்தியில் கடைசி இலைக்கு வந்த பாயசம்.

600 என்ற எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. டெலிபோன் லைனுக்கும், அந்த வழியாக ரேடியோ நிலையக் கருவிகளுக்கும் வந்த கணக்கு அது. 1968ல் சென்ஹைசர் கம்பெனி எச்.டி. 414 என்ற திறந்தவகை ஹெட்போனைக் கொண்டுவந்தபோது அது 2000 ஓம். அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ஆம்ப்ளிஃபயர்கள் அதைச் சர்வசாதாரணமாக ஓட்டின. சட்டைப்பைக்குள் பாட்டுப்பெட்டி வந்த பிறகுதான் 32 ஓம், 16 ஓம் என்று இறங்கினார்கள். இன்னும் முன்னால் போனால், 1910 வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் பால்ட்வின் என்பவர் ஹெட்போன் செய்து அந்த நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். செய்தது அவர் வீட்டுச் சமையலறையில். இதை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “ஏனுங்க, அந்தம்மா சோறு எங்க ஆக்குச்சாம்?” என்றாள். அது எந்தச் சரித்திரத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். உள்ளங்கை அகலம், கறுப்புப் பெட்டி, ஒரே ஒரு திருகு. மச்சினன் பார்க்க வந்தான். ஊத்துக்குளிப் பக்கம் மைக்செட் போடுகிறவன். மாரியாத்தா நோம்பி என்றால் நாலு ஊருக்கு அவன் குழாய்தான்.

“எத்தன வாட்டுங் மச்சான்?”

“அரை வாட்டு மாப்ள.”

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. துக்க வீட்டில் விலை விசாரிப்பதுபோல் தயங்கித் தயங்கி விலை கேட்டான். சொன்னேன். மனசுக்குள் வாட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. “என்றகிட்ட இருநூத்தம்பது வாட்டு அகுஜா இருக்குதுங். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் கொண்டாந்திருப்பனே” என்றான். பாசம்தான். அதை மாட்டியிருந்தால் காதுமெத்தை வெலோரோடு என் செவிப்பறையும் கிழிந்திருக்கும்.

வாட்டு விஷயத்தில் நம் ஆட்கள் எல்லாருமே கெட்டுப்போனவர்கள். தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர்ப் பெட்டியின் மேல் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள், பெட்டிக்குள் இருந்தது பத்து வாட்டோ பன்னிரண்டோ. நானும் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டே 4440 ஐ.சி. போர்டு வாங்கி ஆம்ப் கட்டியவன். சான்யோவின் எல்.ஏ. 4440, ஒரு பக்கத்துக்கு 6 வாட். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், சூடு தாங்க ஒரு அலுமினியத் துண்டு, ஸ்பீக்கரைக் கவிழ்த்து உட்காரவைக்க ஒரு மண்பானை. பானைக்குள்ளிருந்து வரும் பாஸ் இருக்கிறதே, அதை இந்த 600 ஓம் ஜெர்மன்காரன் இன்னொரு ஜென்மம் எடுத்தாலும் கொடுக்கமாட்டான். அது நல்ல பாஸ் என்று சொல்லவில்லை. அம்மா அந்தப் பானையைப் பொங்கலுக்கு எடுத்துவிட்டதோடு என் முதல் ஆடியோ வாழ்க்கை முடிந்தது.

கறுப்புப் பெட்டி வந்ததும் பாட்டுக் கேட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் இந்தப் பித்துப் பிடித்தவன் பாட்டைக் கேட்பதில்லை, கருவியைக் கேட்பான். ‘மேல் ஸ்தாயி கொஞ்சம் மூடியிருக்கிறதோ’ என்று ஒரு சந்தேகம். ஆறு மாதத்தில் நாலு மடங்கு விலையில் இரண்டாவது ஆம்ப் வந்தது, இரண்டரைக் கிலோ. வீட்டில் விலையைக் கேட்டபோது எடையைச் சொன்னேன்.

இதே சமயத்தில் ஒரு நண்பர், ஹெட்போனுக்கு வெள்ளிக் கேபிள் வாங்கியதாகச் சொல்லிக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் பின்னல் உறை போட்டு, பாம்புச்சட்டை மாதிரி மினுமினுத்தது. விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. உறையைப் பார்த்து நின்றது. அது ஹூடி கழுத்தில் கோக்கும் டிரா கார்டு. எங்கள் ஆர்டருக்கே நாடா கம்பெனியில் மீட்டர் கணக்கில் பின்னி வாங்குகிறோம். மறுநாள் சாம்பிள் ரூமில் மிஞ்சிக்கிடந்ததில் இரண்டு மீட்டர் எடுத்து, என் பழைய கேபிளை உள்ளே நுழைத்து, முனைக்கு மெட்டல் டிப் அடித்து அவரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். “மேல் ஸ்தாயி திறந்துவிட்டது. வயலின் தனியாகத் தெரிகிறது” என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சிரிப்புக்குத் தண்டனை வீட்டில் காத்திருந்தது.

இங்கே லேப் டிப் பற்றிச் சொல்லவேண்டும். பையர் ஒரு நிறம் அனுப்புவான். டையிங்கில் அதற்குப் பக்கமாக ஏ, பி, சி என்று மூன்று துண்டுத் துணிக்குச் சாயம் போட்டு அட்டையில் ஒட்டித் தருவார்கள். வெளியாள் பார்த்தால் மூன்றும் ஒரே நேவி புளூ. எங்களுக்கு ஏ பச்சையடிக்கும், சி செத்துக்கிடக்கும். ஜெர்மனியிலிருந்து பதில் வரும்: பி ஓ.கே., ஆனால் கொஞ்சம் சிவப்படிக்கிறது, மறுபடி அனுப்பவும். இது மாயமந்திரம் இல்லை. அட்டையை வெயிலில் வைத்தோ டியூப் லைட்டில் வைத்தோ பார்த்துச் சண்டைபோட முடியாது. லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் வைத்து, டி65 வெளிச்சத்தில் ஒருமுறை, கடை விளக்கான டி.எல். 84ல் ஒருமுறை பார்க்கவேண்டும். அப்போதும் தகராறு என்றால் மிஷினில் வைத்து டெல்டா ஈ எடுத்து, ஒன்றுக்குள் வந்தால் பாஸ். கண்ணை நம்புகிறோம், ஆனால் பெட்டிக்குள் வைத்துத்தான் நம்புகிறோம்.

காலேஜ் போகும் என் மகள் கேட்டாள்: “காதுக்கு லைட் பாக்ஸ் எங்கப்பா?”

காதுக்கும் உண்டு. இரண்டு ஆம்ப்பையும் ஒரே சத்தத்தில் வைக்கவேண்டும். அதுதான் முதல் விதி. கால் டெசிபல் கூடுதலாக ஓடினாலே, சத்தம் கூடியது என்று காது சொல்லாது, தரம் கூடியது என்று சொல்லும். திருகைக் கண்ணால் பார்த்துச் சமன் செய்வது நடக்காது, மல்டிமீட்டர் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வரும்வரை திருகினோம். சாதா மீட்டருக்கு அந்த 50தான் நன்றாகப் புரியும். வீட்டுக் கரண்டை அளக்கச் செய்தது அது. பிறகு துண்டால் என் கண்ணைக் கட்டினாள். டெர்ரி, நல்ல துண்டு.

இருபது முறை மாற்றி மாற்றிப் போட்டாள். இருபதில் பதினைந்தாவது சரியாகச் சொன்னால்தான் குருட்டதிர்ஷ்டம் அல்ல என்று நம்பலாம். நான் ஒவ்வொரு முறையும், “இது பெருசு, மேடை அகலமா இருக்குது”, “இது சின்னது, கொஞ்சம் சிவப்படிக்குது” என்று லேப் டிப் கமெண்ட் எழுதும் தோரணையில் சொல்லிக்கொண்டே போனேன். கட்டை அவிழ்த்தபோது பதினொன்று. “காசு சுண்டினாலே பத்து வரும்ப்பா” என்றாள். அந்த டிரா கார்டு நண்பருக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நேரில் இன்னும் கேட்கவில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன தைக்கு ஊர் காலியானது. பொங்கல் லீவு விட்டால் திருப்பூர் எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் பஸ்ஸும் ரயிலும் பிதுங்கிப் போய்விட, பி.என். ரோட்டின் நடுவில் பாய் போட்டுப் படுக்கலாம். இரண்டாம் நாள் மதியம், ஆம்ப் மேஜையில் இருக்க, சோம்பலில் அந்தப் பழைய வாலையே போனில் மாட்டிப் பாட்டுப் போட்டேன். காதைப் பிளந்தது. இரண்டு கோடு குறைத்து வைத்துத்தான் கேட்க முடிந்தது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்து வீட்டு முன்னறையில் நாலு ஓவர்லாக், இரண்டு பேட்லாக் தையல் மிஷின், ஜாப் ஒர்க். பின்னால் ஒரு நிட்டிங் ஷெட். என்னுடையது திறந்தவகை ஹெட்போன். முதுகுப்பக்கம் வெறும் வலை. பாட்டு எப்படி வெளியே போகுமோ அப்படியே ஓவர்லாக்கும் உள்ளே வரும். வருஷம் முழுக்க நான் ஆம்ப் வாங்கியது 600 ஓமை எதிர்த்து அல்ல, பக்கத்து வீட்டு மோட்டாரை எதிர்த்து. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலோடு நிறுத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 என்றால் நாலு மணி நேரம்தான், அதாவது அரை ஷிப்ட். நிட்டிங் ஷெட்டுக்குள் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பையன்கள் டீக்கடையில் ஏன் கத்திப் பேசுகிறார்கள் என்பதும் அந்த மதியம்தான் புரிந்தது. அவர்கள் காதில் பஞ்சுகூட இல்லை. பஞ்சு ஊரெல்லாம் பறக்கிறது.

ஆகவே திருப்பூரில் ஹெட்போன் வாங்குகிறவர்கள் மூடியவகையாகப் பாருங்கள், 32 ஓமோ 80 ஓமோ இருந்தால் போதும், போனே ஓட்டிவிடும். அப்படியும் கேளாமல் 600 ஓம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு: இரண்டரைக் கிலோ ஆம்ப் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன், டிரா கார்டு கேபிள் இலவசம். நேரில் கேட்டுப் பார்த்துவிட்டே வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். அதுவரை பக்கத்து வீட்டில் ஓவர்லாக் ஓடும்.