ஐந்து புள்ளி உயிரின் அருமை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் கோபோல்ட் என்றொரு குட்டை ஜந்து உண்டு. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் உயிர்ப்புள்ளி 5. வளர்ந்த சிவப்பு டிராகனுக்கோ 256. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்கள் பலர் கோபோல்டுக்குக் கொடுத்திருக்கும் உத்தியோகம் ஒன்றே: வீரர்கள் கதவைத் திறந்ததும் வரிசையில் நின்று சாவது. இது சலித்துப் போனால் அதன் உயிர்ப்புள்ளியை 50 ஆக்கிவிடுகிறார்கள். அதனால் சவால் கூடுவதில்லை. சாவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான். பலவீனமான எதிரியைச் சவாலாக்க எண்களில் கைவைக்கவே வேண்டாம், அதற்கு உயிர்பயம் என்ற ஒன்றைக் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சிக்குப் பழைய சாட்சி இருக்கிறது. இந்த ஆட்டத்துக்கான டிராகன் இதழின் ஆசிரியராக இருந்த ரோஜர் மூர், 1987 நவம்பரில் வந்த 127-ஆவது இதழின் தலையங்கத்தில், டக்கர் என்பவர் நடத்திய ஆட்டத்துக் கோபோல்டுகளைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்து விதிப்படி ஒரு கோபோல்டின் உயிர்ப்புள்ளி 1 முதல் 4 வரைதான். ஆனால் டக்கரின் கோபோல்டுகள் எதிரே வந்து நிற்கவில்லை. சுவர்த் துளைகள் வழியே எய்தன, வழியை மறித்துத் தீ மூட்டின, துரத்தினால் தங்கள் வளைக்குள் ஓடி மறைந்தன. லெவல் ஏறிய வீரர்களே, முதல் தளத்துக் கோபோல்டுகளுக்குப் பத்தாம் தளத்துப் பேய்களே மேல் என்று முடிவு செய்தார்களாம். எண் ஒன்றும் மாறவில்லை. கோபோல்டுகளுக்குச் சாக விருப்பமில்லை என்பதுதான் புதுச் செய்தி.

2014-ஆம் ஆண்டு விதிப்புத்தகமும் கோழைகள் பக்கம்தான் சாய்கிறது. இருபது கோபோல்டுகள் ஒரே கூடத்தில் கூடி நின்றால் மந்திரவாதியின் ஒரு தீக்கோளத்தில் கதை முடிந்தது. அதன் சராசரி சேதம் 28. தனித்தனி வளைகளில் பதுங்கியிருந்தால் அதே தீக்கோளம் ஒன்றிரண்டைத்தான் சுடும். கவச எண் 20 உள்ள வீரனைக் கோபோல்ட் வெட்டவெளியில் தனியாகத் தாக்கினால் இருபது முகப் பகடையில் 16-க்குக் குறையாமல் விழ வேண்டும். வாய்ப்பு 25 சதவீதம். அதே வீரன் குட்டையர்களுக்கென்று வெட்டிய சுரங்கத்தில் உடலைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தால், அவனைத் தாக்குபவர் பகடையை இருமுறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு ஏறக்குறைய 44 சதவீதமாகிறது. திருப்பி வெட்டும்போது அவனும் இருமுறை உருட்ட வேண்டும், ஆனால் மோசமானதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்ற பழமொழியைப் பகடைக் கணக்கில் எழுதி வைத்ததுபோல இருக்கிறது இந்த விதி.

‘கோபோல்டின் அறிவு எண் 8-தானே, அதற்கு இவ்வளவு தந்திரம் ஏது?’ என்று கேட்பார்கள். சாதாரண மனிதனுக்கு 10. இரண்டு மதிப்பெண் குறைந்தவன் கணக்கில் தவறலாம். இரும்புக் கவசம் பூண்டு வரும் ஆறடி மனிதனின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதற்கு 8-க்கும் வெகு கீழே போக வேண்டும். ‘கண்ணில் படாமல் கொல்வது அநியாயம்’ என்பது கனமான ஆட்சேபம். அதற்குப் பதில் விதியில் இல்லை, மாஸ்டரின் நேர்மையில் இருக்கிறது. வாசலில் கருகிய கேடயம் கிடக்கட்டும், சுவர்த் துளைகள் கண்ணில் படட்டும், சுற்றிப் போக வேறு வழியும் இருக்கட்டும். அத்தனையும் பார்த்தபின் உள்ளே நுழைகிறவன் பொறிக்குப் பலியானவன் அல்லன். தன் முடிவுக்குப் பலியானவன். ‘லெவல் ஏறியதே இவற்றை மிதிப்பதற்குத்தானே?’ என்ற ஏக்கமும் நியாயமானதே. ஒரு நாள் கோபோல்டுகளை வெளியே வெயிலுக்கு இழுத்து வரும் வழியை வீரர்களே கண்டுபிடிக்கட்டும். வெயிலில் அவற்றுக்குக் கண் கூசும், குறி தவறும். அன்று ஆசை தீர மிதிக்கலாம். மற்றபடி, ஒவ்வொரு அடிக்கும் தரையைத் தட்டிப் பார்க்க வைத்தால் ஆட்டம் ஊர்வலமாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கதைக்கு இப்படி ஒரு வளை போதும்.

ஆகவே எதிரியை மேசைக்குக் கொண்டுவருமுன் மாஸ்டர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பேயும் டிராகனும் உலவும் ஊரில் ஐந்து புள்ளி உயிரை வைத்துக்கொண்டு இது இத்தனை நாள் எப்படிப் பிழைத்தது? மற்றதையெல்லாம் புத்தகம் அச்சடித்துத் தந்துவிடுகிறது. இந்தப் பதிலை மட்டும் மாஸ்டர்தான் யோசிக்க வேண்டும். யோசிக்கச் சோம்பல்பட்டால், பலவீனம் என்ற பழி வழக்கம்போல் கோபோல்ட் தலையில் விழும்.