கிடப்பில் போடும் கலை

நீதித்துறையில் தலையிடத் தெரியாமல் தலையிட்டுப் பேரைக் கெடுத்துக்கொண்டவர் இந்திரா காந்தி. 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கினார். நெருக்கடி நிலையின்போது தனி ஆளாக நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய எச்.ஆர். கன்னாவை 1977-ல் ஓரங்கட்டினார். நாடே காறித் துப்பியது. எதற்கு இத்தனை சிரமம்? நீதிபதியை மாற்ற வேண்டாம், மிரட்ட வேண்டாம், ஒரு போன்கூடப் போட வேண்டாம். அவர்கள் இஷ்டப்படி தீர்ப்பு எழுதிக்கொள்ளட்டும். எழுதிய பிறகு ஒரு கோப்பு மேலிடத்துக்கு வரும் அல்லவா, அதைத் தூக்கிக் கிடப்பில் போட்டால் போதும். இந்தக் கலையில் தேர்ந்தவர்களின் கைவரிசையை வேலூர்ப் பக்கத்து ஜனங்கள் கிட்ட இருந்தே பார்த்திருக்கிறோம்.

அரசியல் கைதிகளை வைத்துக்கொள்வதில் வேலூருக்கு அனுபவம் ஜாஸ்தி. திப்புவின் பிள்ளைகளைக் கோட்டைக்குள்தான் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832-ல் இங்கேதான் செத்தான். கும்பினிக்காரன் யோக்கியன் இல்லை, ஆனால் குழப்பம் வைக்கவில்லை. உன்னை விடமாட்டேன் என்றான், விடவில்லை. நம் ஆட்களிடம் அந்த நேர்மைகூடக் கிடையாது. வேலூர் தொரப்பாடி மத்திய சிறையில் இருந்தவர்களுக்குச் சட்டம் இருந்தது, பிரிவு இருந்தது, அமைச்சரவைத் தீர்மானம் இருந்தது. பதில் மட்டும் இல்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கிச் சொல்கிறேன். ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். ஜூன் 11 அன்று ஜோலார்பேட்டைக்காரரான பேரறிவாளன் பிடிபட்டார், வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் சேர்த்துத் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை வெளியே விட்டது, மூவருக்கு ஆயுளாக மாற்றியது, நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்கும் தூக்கை உறுதி செய்தது. பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலம் பதிந்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வரி ஞாபகத்துக்கு வர அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

ஏழு பேரும் நிரபராதிகள் என்று வழக்காட நான் வரவில்லை. அன்றைக்கு ராஜீவோடு செத்துப்போன போலீஸ்காரர்களும் கட்சிக்காரர்களும் உண்டு. அவர்கள் வீட்டார் இந்த விடுதலையை ஏற்கவில்லை என்றால் அது அவர்கள் நியாயம். அவர்களுக்கும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம். விடுவதானால் சட்டப்படி விடு. மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. இரண்டும் இல்லாமல் ஒரு மனிதனின் ஆயுளை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ள எந்தப் பதவிக்கு உரிமை இருக்கிறது?

அரசமைப்பின் 161-வது பிரிவு தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை ஆளுநருக்குத் தருகிறது. பெயர்தான் ஆளுநருக்கு, முடிவு அமைச்சரவையுடையது என்று 1980-லேயே மாரூராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராஜ்பவனுக்கு அந்தத் தபால் வந்து சேரவில்லை போலிருக்கிறது. 1999 அக்டோபரில் ஆளுநர் பாத்திமா பீவி நால்வரின் கருணை மனுவையும் அமைச்சரவையைக் கேட்காமலே தள்ளுபடி செய்தார். அவர் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் என்பது கொசுறுத் தகவல். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கருணாநிதி அமைச்சரவை கூடி நளினிக்கு மட்டும் இரங்கியது. மற்ற மூவரின் மனு டெல்லிக்குப் போனது. அங்கே கே.ஆர். நாராயணன் காலம் முடிந்தது. கனவு காணச் சொன்ன அப்துல் கலாம் காலமும் முடிந்தது. 2011 ஆகஸ்டில் பிரதிபா பாட்டீல் நிராகரித்தார். பதினோரு ஆண்டு தூங்கிய கோப்பு கண் விழித்ததும் அதற்கு என்ன அவசரமோ, செப்டம்பர் 9 அன்று வேலூர் சிறையில் தூக்கு என்று நாள் குறித்துவிட்டார்கள். அதைத் தடுக்கக் கேட்டு காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்துச் செத்தாள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது, உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று இந்தத் தாமதத்தையே காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. மறுநாளே ஜெயலலிதா டெல்லிக்கு மூன்று நாள் கெடு வைத்து ஏழு பேரையும் விடப்போவதாக அறிவித்தார். நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டே மாதம் இருந்தது. மத்திய அரசு அடுத்த நாளே ஓடிப்போய்த் தடை வாங்கியது. ஓடவே தெரியாதவர்கள் இல்லை அவர்கள், கவனித்துக்கொள்ளுங்கள்.

இனிதான் விஷயமே. 2018 செப்டம்பர் 9. ஏழு ஆண்டுக்கு முன் தூக்குக்குக் குறித்த அதே தேதியில் எடப்பாடி பழனிசாமி அமைச்சரவை கூடி, 161-வது பிரிவின்படி ஏழு பேரையும் விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. கோப்பு ஆளுநர் பன்வாரிலால் புரோகித்திடம் போனது.

அதே சமயம் அவரிடம் இன்னொரு கோப்பும் இருந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு பிடிக்காத அ.தி.மு.க.வினர் தருமபுரியில், சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே கருகிச் செத்தார்கள். அந்த வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு விதித்து, பிறகு ஆயுளாகக் குறைத்திருந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு அவர்களையும் விடும்படி அதே அமைச்சரவை, அதே 161-வது பிரிவில், அதே ஆளுநருக்கு எழுதியது. முதலில் திருப்பி அனுப்பினார். அரசு மறுபடி எழுதியது. கையெழுத்துப் போட்டார். 2018 நவம்பர் 19 அன்று மூவரும் வெளியே வந்தார்கள். எந்தச் சிறையிலிருந்து? அதே வேலூர் மத்திய சிறையிலிருந்து. திட்டம் போட்டுச் செய்த கொலை இல்லை, கும்பலின் ஆவேசம் என்று ராஜ்பவன் விளக்கமும் கொடுத்தது.

ஒரே வாசல். பெட்ரோல் வைத்திருந்தவர்களுக்குத் திறந்தது, பேட்டரி வாங்கியவருக்குத் திறக்கவில்லை. எரித்தவர்கள் கட்சிக்காரர்கள், எரிந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளோ. கோர்ட் தீர்ப்பை எதிர்த்துப் பஸ்ஸைக் கொளுத்துகிறவன் நீதியில் தலையிடுகிறான். அவனை விடச் சொல்லி நூற்றாண்டு விழாப் பெயரில் கோப்பு அனுப்புகிறவர்கள் இரண்டாம் முறையும் தலையிடுகிறார்கள். முதல் தலையீட்டுக்காவது தண்டனை கிடைத்தது.

ஏழு பேர் கோப்பு அப்படியே கிடந்தது. பெரிய சதி பற்றி விசாரிக்கிற பல்நோக்கு கண்காணிப்பு முகமையின் அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம் என்றது ராஜ்பவன். 2020 நவம்பரில் சிபிஐயே நீதிமன்றத்துக்கு வந்து, இந்த விசாரணைக்கும் அந்த விடுதலைக்கும் சம்பந்தம் இல்லை என்றது. 2021 ஜனவரியில், மூன்று நான்கு நாளில் ஆளுநர் முடிவெடுப்பார் என்று அரசின் சொலிசிட்டர் ஜெனரல் வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே முடிவு வந்தது: இது என் அதிகாரம் இல்லை, குடியரசுத் தலைவரைக் கேளுங்கள்! தனக்கு அதிகாரம் இல்லை என்று கண்டுபிடிக்க ஒருவருக்கு இரண்டு வருஷமும் நாலரை மாதமும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம்பட்டையில் தோலை ஊறப்போட்ட அந்தக் காலத்து டேனரியில்கூட, இத்தனை நாள் ஊற விட்டால் மேஸ்திரி வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்.

குடியரசுத் தலைவர் என்பது தபால் முகவரி. அவர் மத்திய அமைச்சரவை சொல்வதைக் கேட்டு நடப்பவர். அதாவது கோப்பு போய்ச் சேர்ந்தது பிரதமர் அலுவலகமும் உள்துறையும் இருக்கிற தெருவுக்கு. ஏழு பேரை விடக்கூடாது என்று நீதிமன்றத்தில் முதலில் தடை வாங்கிய கட்சி ஒன்று, பிறகு அதே வாதத்தைத் தொடர்ந்த கட்சி இன்னொன்று. காங்கிரசும் பாரதிய ஜனதாவும் ஒத்துப்போன விஷயங்களைப் பட்டியல் போட்டால் இது மேலேயே வரும்.

இந்தக் காலம் முழுக்கப் பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் நடந்துகொண்டிருந்தார். ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி. வழி நெடுக ஷூ கம்பெனிகள். சிறைக்குள்ளும் கைதிகள் போலீசுக்கு பூட்ஸ் தைக்கிறார்கள். உலகத்துக்கே செருப்புத் தைத்து அனுப்பும் வட்டாரத்தில், ஒரு தாய் முப்பத்தோரு வருஷம் செருப்புத் தேய நடந்தார். வழியில் சந்தித்த தலைவர்கள் எல்லோரும் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய், போபண்ணா அமர்வு பேரறிவாளனை விடுவித்தது. கொலை வழக்கில் மன்னிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்குத்தான் என்று மத்திய அரசு வாதாடியபோது, அப்படியானால் இத்தனை வருஷம் ஆளுநர்கள் கொடுத்த மன்னிப்பெல்லாம் செல்லாதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பதில் இல்லை. நவம்பர் 11-ல் மற்ற ஆறு பேரையும் விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதிகாரம் யாருக்கு என்று டெல்லி இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் பேசிய அதே கோடையில் குஜராத்திலிருந்து ஒரு கோப்பு வந்தது. குஜராத் கலவரத்தில் பில்கிஸ் பானுவைக் கூட்டு வன்புணர்வு செய்து, மூன்று வயது மகள் உட்படக் குடும்பத்தாரைக் கொன்ற பதினோரு பேரை விடுவிக்கும் கோப்பு. சிபிஐ வேண்டாம் என்றது, மும்பை சிறப்பு நீதிபதி வேண்டாம் என்றார். உள்துறை இரண்டே வாரத்தில் சரி என்றது. சுதந்திர தினத்தன்று வெளியே வந்தவர்களுக்கு மாலை, இனிப்பு. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து திரும்ப உள்ளே போகச் சொன்னது. கோப்புகளுக்குக் கால் உண்டு என்பது உறுதியாகிவிட்டது. எந்தக் கோப்பு ஓட வேண்டும், எது முடங்கிக் கிடக்க வேண்டும் என்பதுதான் கொள்கை முடிவு.

அண்டை வீட்டிலும் இதே சமையல்தான். இலங்கையின் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற ராணுவத்தானுக்கு நீதிமன்றம் தூக்கு விதித்தது, மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தபோது, அப்போதைய அதிபர் கோத்தபய ராஜபக்ச ஒரே கையெழுத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பினார். அங்கே கோப்பு கிடப்பில் கிடக்கவே இல்லை.

விடுதலையான சாந்தனை, இலங்கைக்காரர் என்று திருச்சி சிறப்பு முகாமில் அடைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் தாய் காத்திருக்க, ஊருக்குப் போக அனுமதித் தாளுக்காக இவர் காத்திருந்தார். தாள் வந்தது, உடம்பு போய்விட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இறந்தார். மருத்துவமனையின் பெயர் நான் சேர்த்த கிண்டல் இல்லை.

புரோகித் போய் ஆர்.என். ரவி வந்தார். 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அவர் மீது உச்ச நீதிமன்றம் போனது. அவர் நிறுத்திவைத்த மசோதாக்களைப் பற்றிய கூச்சலில் அந்த மனுவின் மற்ற வரிகளை யாரும் கவனிக்கவில்லை. 54 கைதிகளின் முன்விடுதலைக் கோப்புகள் ராஜ்பவனில் கிடப்பதாக அதில் இருந்தது. முன்னாள் அமைச்சர்கள் மீது வழக்கு நடத்த அனுமதி கேட்ட கோப்புகளும் அங்கேயே கிடந்தன. ஆக, வெளியே வர வேண்டியவனும் வரவில்லை, கூண்டில் ஏற வேண்டியவனும் ஏறவில்லை. 161-வது பிரிவில் இத்தனை நாளுக்குள் என்றொரு வரி இன்றைக்கும் கிடையாது. அடுத்த முறை வேலூர் தொகுதியில் ஓட்டுக் கேட்டு ஷூ கம்பெனி வாசலில் வந்து நிற்கிறவர் எந்தக் கட்சியானாலும், அந்த ஒரு வரியைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் வாய் திறப்பாரா என்று கேளுங்கள்.