சேர்த்தால் சொத்து, சேர்ந்தால் அடைசல்

கேள்வி: தபால் தலை, தீப்பெட்டிப் படம், பழைய நாணயம் என்று சிலர் எதையாவது சேர்த்துக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்?

பதில்: எல்லோரும்தான் சேர்க்கிறோம். ஆல்பத்தில் ஒட்டினால் கலெக்‌ஷன், பரணில் போட்டால் அடைசல்!

சேர்ப்பவருக்குக் கையில் இருக்கும் தொண்ணூற்றொன்பது பெரிதில்லை. கிடைக்காத அந்த ஒன்றுதான் தூக்கத்தைக் கெடுக்கும். பிரிட்டிஷ் கயானாவில் 1856-ல் அச்சான ஒரு சென்ட் தபால் தலை, உலகிலேயே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1873-ல் அது ஒரு 12 வயதுப் பையனிடம் சிக்கியது. ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். 2014 ஏலத்தில் அதன் விலை சுமார் 95 லட்சம் டாலர். ஒட்டி ஒரு கடிதம்கூடப் போட முடியாது!

நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எதையும் விடவில்லை. அவர் 1992-ல் மறைந்த பிறகு, 1994-ல் அந்தச் சேகரிப்பை விலை கொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அதிலிருந்து பிறந்ததுதான் சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

ஆகவே, வீட்டில் யாராவது பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டி வைத்தால் திட்டாதீர்கள். மொய்க் கவர்களைக் கட்டி வைத்தால் மட்டும், உள்ளே காலிதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள்?

பதில்: வாசகர் கேள்விகளை. பதில் தெரியாதவற்றுக்குத் தனி ஆல்பம், அதுதான் தடிமன்!